வீரபாகு மேடைக்கு வரும் நேரம்



எங்கள் ஊர் அய்யனார் கோயில் திடலில் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் மேடைக்கு முன்னால் பாய் விரிப்பார்கள். எங்கள் தெருச் சனம் ஜெனரேட்டர் இரையும் பக்கமாக, வேலிக்கருவை ஓரத்தில் சாக்கு விரித்து உட்காருவோம். அங்கே போய் உட்கார் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. “வசனம் கேக்கலைன்னா என்னடா, பாட்டுக் கேக்குதுல்ல” என்பார் அம்மா.

ஒரு வருசம் அரிச்சந்திரா மயான காண்டம் நடந்தது. சுடுகாட்டுக்கு உரிமைக்காரனான வீரபாகு தள்ளாடியபடி, குளறிய வாயோடு வந்தான். திடலே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் தாத்தா மயானத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நாடகத்தையே வெறுத்தேன். சமூகவியல் முதுகலை படித்த காலத்தில், புராணக் குப்பை என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட்டேன்.

திரும்ப அதனிடம் என்னைக் கொண்டுவந்தது வரலாறுதான். இசை நாடகத்துக்கு வடிவம் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம்தான் அவர் லயம் கற்றார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்ற அவருடைய நாடகங்களுக்குள் நம் ஊர்த் தாளம் இருக்கிறது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே எல்லா வேடமும் கட்டினார்கள். அப்படிப்பட்ட கம்பெனிகள் சினிமா வந்தபின் ஒவ்வொன்றாக மறைந்தன. ஸ்பெஷல் நாடகம் மட்டும் கிராமத்தில் தங்கியது.

அது நடக்கும் முறையைக் கவனியுங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில்தான் சந்திக்கிறார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். வசனத்தில் பாதி அங்கேயே, எதிரில் இருக்கும் சனத்தின் முகத்தைப் பார்த்துப் பிறக்கிறது. அப்படியென்றால் வீரபாகு குடிகாரனாக வருவது எழுதிவைத்த விதியல்ல. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எதற்குச் சிரிக்கிறார் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

முன்வரிசையைத் தீர்மானிப்பது எது? வரி. திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். பல ஊர்களில் நம்மிடம் அந்த வரியை வாங்குவதில்லை. இது சலுகை அல்ல. வரி கொடுக்காதவனுக்குத் திருவிழாவில் பங்கு கிடையாது, நாடகத்திலும் பங்கு கிடையாது. நம் மாவட்டத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளிவந்தது. அதை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர்தான் நம் மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போகவேண்டியிருந்தது. கோயில் வாசலே இப்படி என்றால், அந்த வாசலில் கட்டும் மேடை யாருடையது?

ஆனால் அரிச்சந்திரன் கதை அவர்களுடையது மட்டுமா? தமிழ்நாட்டுச் சுடுகாடுகளில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. பிணத்தை அங்கே இறக்கிவைத்ததும் அந்தக் கதையைச் சொல்கிறவர் மயானத் தொழிலாளிதான். முழத்துண்டுக்கும் கால்பணத்துக்கும் வாய்க்கரிசிக்கும் நியாயம் சொல்லும் கதை அது. நாடகத்தில் அரசன் விழுந்த பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் அளவுகோல் வீரபாகு. மார்க்கண்டேய புராணத்தில் இந்தக் கதை முடியும்போது அந்தச் சண்டாளன் மாறுவேடத்தில் வந்த தருமதேவதை ஆகிவிடுகிறான். உண்மையான மயானக்காரனுக்குக் கதையின் முடிவில் இடமே இல்லை. என் தாத்தா சொன்ன கதையிலோ அவன் கடைசிவரை மயானக்காரனாகவே இருந்தான், தன் கூலியைக் கேட்டு வாங்கினான்.

மராத்திய மண்ணில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் தமாஷா வடிவத்தைக் கைவிடவில்லை. அதைத் திருப்பிப்போட்டு அம்பேத்கரிய ஜல்சா ஆக்கினார்கள். பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் ‘பலி ஆடுகள்’ எழுதி, தலித் அரங்கு என்ற பேச்சையே தமிழில் நிலைக்கவைத்தார். புது நாடகம் எழுதுவது ஒரு வழி. பழைய மேடையில் நம் இடத்தைக் கேட்பது இன்னொரு வழி. இரண்டும் வேண்டும்.

சில வருசங்களுக்கு முன் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெருவே வரி போட்டு மயான காண்டம் வைத்தது. “புராணத்துக்கா நம்ம காசு?” என்று தோழர்கள் சண்டை போட்டார்கள். அது நியாயமான கேள்விதான். வீரபாகு வேடம் கட்ட வந்த பெரியவரிடம் போய், “அய்யா, குடிக்காம வரணும்” என்றேன். “தம்பி, தள்ளாடலைன்னா சனம் கைதட்டாதே” என்றார். “இது எங்க சனம்யா” என்றேன். கொஞ்சநேரம் அரிதாரம் பூசிக்கொண்டே யோசித்தார்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வந்தார். தோளில் தடி, நேரான நடை. அரசனை மேலும் கீழும் பார்த்து, “வேலை தெரியுமாடா உனக்கு? இதுவும் தெரிஞ்சு செய்யவேண்டிய வேலை” என்றார். யாரும் கைதட்டவில்லை. ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. சந்திரமதி புலம்பத் தொடங்கியதும் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் முழுமனசாக நேசிக்க எனக்கு அத்தனை வருசம் பிடித்தது.

அம்மா முதல் வரிசையில் பாய் விரித்திருந்தார். “இம்புட்டுக் கிட்ட உக்காந்தா ஆர்மோனியம் காதைக் குத்துதுடா” என்றார். ஆனாலும் எழுந்து பின்னால் போகவில்லை.

தோழர்களே, புதுக்கோட்டையில் நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. திருவிழா மாதங்கள் போனால் பல நடிகர்களுக்கு வேலை இல்லை. மேடையேறும் பெண்களை ஊர் இன்னும் இழிவாகவே பேசுகிறது. நம் கூட்டங்களுக்கு அவர்களை அழையுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். வசனத்தில் கோளாறு இருந்தால் மேடைக்குப் பின்னால் போய் மரியாதையாகச் சண்டை போடுங்கள். அதற்கு முதலில் நாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

ஜெய்பீம்.