பொய்ப்பல்லின் மெய்வரலாறு

பல்லுப் போனால் சொல்லுப் போகும் என்பது நம்மவர் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? உண்ணும் உணவு போகிறது. முகத்தின் வடிவு போகிறது. நாலு பேர் முன்னே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போய்விடுகிறது. பற்களிற் பெரும்பாலானவற்றையோ முழுவதையுமோ இழந்த ஒருவருக்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. கழற்றி மாட்டும் கட்டுப்பல் ஒன்று. தாடையெலும்பிலே டைட்டேனிய முளையை இறக்கி அதன்மேற் பொருத்தும் பதிபல் மற்றொன்று. எதைத் தெரிந்தெடுப்பது என்பதை நோயாளியும் வைத்தியரும் கூடியிருந்து தீர்மானிப்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவ்விருவருக்கும் நடுவே பணம் என்னும் மூன்றாமவர் என்றும் அமர்ந்திருந்ததைப் பொய்ப்பல்லின் வரலாறு காட்டுகிறது.

முதலில் நோயின் காரணத்தைக் காண்போம். பற்சொத்தை மனிதனுக்கு மிகப் பழைய நோயே. எனினும் ஐரோப்பாவிலே அது பெருகியமைக்கு, 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குவிந்த சீனி தலையாய காரணங்களுள் ஒன்று. ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த அச்சீனி முதலிற் செல்வர் வீட்டு மேசைக்கே வந்தது. ஆகவே செல்வரின் பல்லே முதலிற் கெட்டது. பொய்ப்பல்லுக்கு முதலில் அலைந்தோரும் அவர்களே.

1789இல் அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு அன்று எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றுதான். ஜோன் கிறீன்வுட் என்னும் பல் வைத்தியர், நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, அதிலே மனிதப் பற்களைப் பதித்து, எஞ்சிய அந்த ஒரு பல்லுக்குத் துளையும் விட்டு அவருக்குக் கட்டுப்பல் செய்து கொடுத்தார். வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்பது வெறுங்கதை. மெய்க்கதை அவரது தோட்டத்துக் கணக்கேட்டிலே இருக்கிறது. 1784இல் கறுப்பின மக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கியமைக்கு 122 ஷில்லிங் கொடுக்கப்பட்டதாக அவ்வேடு கூறுகிறது. அப்பற்கள் யாருடைய வாயிற் பொருத்தப்பட்டன என்பதை அது கூறவில்லை. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டோர் என்று 1776இல் உலகறியப் பிரகடனஞ் செய்த நாட்டிலே, உடலே தனக்குச் சொந்தமில்லாத அடிமையொருவன் தன் பல்லை 'விற்றான்' என்று எழுதுவதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இங்கிலாந்தின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஏழையின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடாறுமுன் செல்வரின் வாயில் நடும் முறைக்கு, புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹன்ரரே 1771இல் வெளிவந்த தமது நூலில் ஆதரவளித்தார். அப்பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. நோயைக் கடத்துகின்றன என்ற அச்சமும் எழுந்தது. 1787இல் தோமஸ் றோலண்ட்சன் வரைந்த கேலிச் சித்திரமொன்றில், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளியின் பல்லைப் பிடுங்குகிறார்கள். அதைப் பெறுவதற்காக நாகரிகச் சீமாட்டி பக்கத்திலே காத்திருக்கிறாள். 1815 ஜூன் 18ஆந் திகதி வாட்டர்லூவிலே வீழ்ந்த இளைஞரின் பற்கள் மூட்டை மூட்டையாக அள்ளப்பட்டுச் சந்தைக்கு வந்தன. 'வாட்டர்லூப் பற்கள்' என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. நெப்போலியனின் போர்வீரனும் வெலிங்டனின் போர்வீரனும் இலண்டன் கனவானின் வாயிலே ஒரே வரிசையில் அமர்ந்திருக்கவுங் கூடும்.

சாமானியருக்குப் பொய்ப்பல் எட்டியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். 1844இல் நைத்திரசு ஒட்சைட்டும் 1846இல் ஈதரும் நோவின்றிப் பல் பிடுங்க வழிசெய்தன. அதே காலத்தில் சார்ள்ஸ் குட்இயரின் முறைப்படி கந்தகஞ் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பர் வந்தது. வாயின் அச்சையெடுத்து, அதற்கு அச்சொட்டாக வல்கனைட் என்னும் வன்இறப்பர்த் தகட்டை வார்த்துவிடலாம். தந்தத்தையும் பொன்னையும் விட மலிந்த பொருள் அது. மலிந்தது என்பதனாலேயே இலாபவேட்டை அதனைச் சூழ்ந்தது. 1864இல் இதற்கு அமெரிக்காவிற் பெறப்பட்ட காப்புரிமையைத் தன் கைக்கொண்ட கம்பனியொன்று, உரிமைப்பணம் கட்டாத பல் வைத்தியர்களை ஆயிரக்கணக்கில் வழக்கு மன்றத்துக்கு இழுத்தது. அக்கம்பனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் பல் வைத்தியர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1881இற் காப்புரிமை காலாவதியான பின்னரே வல்கனைட் பொதுச்சொத்தாயிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டின் பெயரும் இவ்வரலாற்றில் நுழைகிறது. 1876இல் அமேசன் பிரதேசத்து இறப்பர் வித்துக்கள் இலண்டனின் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, அக்கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் சந்தையை நிரப்பிய இறப்பரிற் பெரும்பங்கு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகியவற்றின் தோட்டங்களிலிருந்தே சென்றது. 1930களின் பிற்பகுதியில் வந்த அக்ரிலிக் வல்கனைட்டை வழக்கொழிக்கும்வரை, பல்லிழந்தவரின் வாய்க்குள் இருந்த தகட்டிலும் அத்தோட்டங்களிற் பால்வெட்டியோரின் உழைப்பு கலந்தேயிருந்தது.

பொய்ப்பல் அரசியலின் நடுமேடைக்கு வந்தது பிரித்தானியாவிலாகும். 1874இற் சீனிவரி நீங்கியபின் தொழிலாளரின் தேநீரிலும் சீனி தாராளமாகக் கலந்தது. பல் வைத்தியம் மட்டும் அவர்களுக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. பல் ஒவ்வொன்றாகக் கெட்டு ஆயுள் முழுவதும் செலவு வைப்பதைவிட, எல்லாவற்றையும் ஒருங்கே பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் போடுவதே சிக்கனம் என்று ஏழைகள் கணக்கிட்டனர். மணமாகப் போகும் பெண்ணுக்குச் சீதனம் போல அவ்வாறு செய்துவிடும் வழக்கமும் சில பகுதிகளில் இருந்தது. வறுமை செய்த இந்தத் தெரிவை யாரேனும் சுயவிருப்பம் என்பாரா?

1948 ஜூலை 5ஆந் திகதி, சுகாதார அமைச்சர் அனியூரின் பெவனின் முயற்சியால் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. கட்டுப்பல் இலவசமாயிற்று. பல்லில்லாமலும் உடைந்த தகட்டோடும் காலங்கழித்த மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். இதை வீண்செலவு என்றோர் பலர். நூற்றாண்டுக் கணக்கில் மூடிக் கிடந்த தேவை அன்றுதான் வெளிப்பட்டது என்பதே உண்மை. ஆயினும் 1951 ஏப்பிரலில் நிதியமைச்சர் ஹியூ கெயிற்ஸ்கல், கட்டுப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதிச் செலவை மக்களே கொடுக்கவேண்டும் என்றார். கொரியப் போரையொட்டி மூன்றாண்டுகளில் 470 கோடி பவுணை ஆயுதங்களுக்குச் செலவிட முனைந்த அரசு, ஆண்டொன்றுக்குச் சுமார் 2.3 கோடி பவுணை மக்களின் பல்லிலும் கண்ணிலும் மிச்சம்பிடிக்க விரும்பியது. பெவன் பதவி துறந்தார். ஹரோல்ட் வில்சனும் ஜோன் பிறீமனும் உடன் விலகினர். பொய்ப்பல்லின் பொருட்டு ஓர் அமைச்சரவை பிளந்தமை சிரிப்புக்கிடமானதன்று. 1968இல் நடந்த ஆய்வின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வயதுவந்தோரில் 37 சதவீதத்தினருக்கு இயற்கைப் பல் ஒன்றேனும் இருக்கவில்லை.

அக்காலத்திலேயே மற்றைய வழியும் பிறந்துகொண்டிருந்தது. 1952இல் சுவீடனின் பேர்-இங்வார் பிரானமார்க், முயலின் எலும்பிற் குருதியோட்டத்தை ஆராய்வதற்காகப் பொருத்திய டைட்டேனியக் கருவியை மீட்டெடுக்க முடியாது திகைத்தார். எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965இல் முதன்முறையாக மனிதத் தாடையில் அம்முறையைப் பயன்படுத்தினார். 1982இல் ரொறொன்ரோவிற் கூடிய மாநாட்டின் பின்னரே உலகப் பல் வைத்தியர் அதனைப் பரவலாக ஏற்றனர்.

இரண்டின் குணங்குறைகளையும் நேர்மையாக நோக்குவோம். பல் போன தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்கிறது. ஆகவே நேற்றுப் பொருந்திய கட்டுப்பல் நாளை தளர்கிறது. மேற்றகடு அண்ணத்தைப் பற்றி ஓரளவு நிற்கும். கீழ்த்தகடோ நாக்கசையும்போதெல்லாம் ஆடும். பதிபல் எலும்பைத் தேயவிடாது பெரிதுங் காக்கிறது. கடித்துண்ணும் வலிமையையும் தருகிறது. ஆயினும் அதற்குச் சத்திர சிகிச்சையும் மாதக்கணக்கான காத்திருப்பும் வேண்டும், புகைப்போருக்கும் கட்டுப்படாத நீரிழிவுள்ளோருக்கும் தவறும் வாய்ப்பு அதிகம், செலவும் பன்மடங்கு. கட்டுப்பல்லோ சத்திரமின்றி விரைவிற் கிடைப்பது. பழுதானால் எளிதில் திருத்தக்கூடியது. இவ்விரண்டுக்கும் இடையே நடுவழியொன்றும் உண்டு. கீழ்த்தாடையில் இரண்டே முளைகளைப் பதித்து, கழற்றக்கூடிய கட்டுப்பல்லை அவற்றின்மேல் மாட்டலாம். பல் முழுவதையும் இழந்தோரின் கீழ்த்தாடைக்கு இதுவே முதற்தெரிவாக அமையவேண்டும் என 2002இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர் உரைத்தனர்.

அறிஞர் உரைத்தனர், ஆனால் எத்தனை நாடுகளின் அரசாங்க வைத்தியசாலைகளில் ஏழை முதியவருக்கு அந்த இரண்டு முளைகள் கிடைக்கின்றன? கட்டுப்பல்லுக்காக அமைச்சரவை பிளந்த இங்கிலாந்திலேயே, புற்றுநோய், விபத்து, பிறவிக்குறை போன்ற காரணங்களுக்கே பொதுவாக அரசு பதிபல் அளிக்கிறது. உலகில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர் பற்களை முற்றாக இழந்தோர் என 2022இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் எதையும் தெரிந்தெடுக்கவில்லை. கைக்கு எட்டியதை ஏற்றுக்கொண்டார்கள், அல்லது எதுவுமின்றி இருக்கிறார்கள்.

அடிமையின் பல்லும் போர்வீரனின் பல்லும் இன்று விற்பனைக்கு வருவதில்லை. அது மனிதகுலம் ஈட்டிய முன்னேற்றமே. உடலின் இயல்பையும் நோயாளியின் விருப்பத்தையும் மட்டுமே கொண்டு கட்டுப்பல்லா பதிபல்லா என்று தீர்மானிக்கும் நிலை வரும்போதே அம்முன்னேற்றம் நிறைவுறும். அதற்குப் பொதுச் சுகாதார சேவையில் பல்லுக்கும் உரிய இடம் வேண்டும். அதற்கும் முன்னதாக, நம் பாடசாலைப் பிள்ளைகளின் பல் கெடாதிருக்க வேண்டும். அப்பணி ஆசிரியராகிய நமக்கும் உரியது.