முட்டுக்காட்டில் வந்து சேரும் தண்ணீர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்களில் பாதிப் பேர் முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுவார்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அகலமான உப்பங்கழி. 1984-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் திறந்த படகு குழாம் அங்கே இருக்கிறது. பெடல் படகு, மோட்டார் படகு, டிக்கெட் கியூ, குழந்தைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். இந்தக் கழிக்குள் வடக்கிலிருந்து நுழைந்து தெற்கே போகிற ஒரு கால்வாய் இருப்பது செல்ஃபியில் விழுவதில்லை. அது பக்கிங்ஹாம் கால்வாய். மயிலாப்பூரில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் தாண்டுகிற அதே கால்வாய்தான். அங்கே அதன் பெயர் சாக்கடை. இங்கே கரையில் நின்று பார்த்தால் "பேக்வாட்டர்", அதுக்கு டிக்கெட் வேற.

ஒரே கால்வாயை யார், எப்போது, எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுவது புதுசு இல்லை. அதன் வரலாறே அதுதான்.

1806-இல் பேசில் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்குச் சுமார் 11 மைல் நீளத்துக்கு வெட்டி முடித்தது இதன் முதல் துண்டு. போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொண்டார். இன்றைய டோல்கேட் கணக்குதான். ஆளுக்கு ஆள் "காக்ரேன் கால்வாய்" என்று சொன்னார்கள். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே கிருஷ்ணா பக்கம் பெத்தகஞ்சாம் வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. நம்ம கடற்கரையில் அலை அதிகம், இயற்கைத் துறைமுகம் கிடையாது. கடலுக்கு இணையாக உள்ளே ஒரு அமைதியான தண்ணீர் ரோடு இருந்தால் உப்பும் விறகும் நெல்லும் தோணியில் வந்துவிடும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் இன்றைக்கும் உப்பளங்கள் தெரியும். அந்தக் கால்வாய்க்கு முன்பு என்ன வேலை இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வியாசர்பாடி பக்கம் ரயில் நிற்கும்போதெல்லாம் "பேசின் பிரிட்ஜ்" என்று படிக்கிறோமே, அந்தப் பேசின் இந்தக் கால்வாய்ப் படகுகள் வந்து நின்ற தொட்டிதான்.

இது ஆறு மாதிரி மலையிலிருந்து இறங்கி ஓடுகிற தண்ணீர் இல்லை. கடல் ஏறும்போது முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். அந்த மூச்சில்தான் கால்வாய் உயிரோடு இருந்தது. முட்டுக்காடு அதன் மூக்குகளில் ஒன்று. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி பஞ்சத்துக்கு வருவோம். பாட்டிமார் வாயில் "தாது வருஷப் பஞ்சம்" என்று வருகிறதே, அதுதான் 1876-78. மழை பொய்த்தது, மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். 1877 ஜனவரி முதல் தேதி தில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த அவர் சென்னைக்கு அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இந்த டெம்பிள் கதை எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1874-இல் வங்காளம், பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது இவரேதான் அரிசியை இறக்குமதி செய்து, தாராளமாகக் கொடுத்து, சாவை வெகுவாகத் தடுத்தவர். அதற்குக் கிடைத்த பரிசு, "வீண் செலவு பண்ணிட்டார்" என்ற திட்டு. சென்னைக்கு வந்தபோது அந்தத் திட்டு அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உடம்பைக் காப்பாற்றப் போதாது என்று எழுத்து எழுத்தாகச் சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துக் கூலி கொஞ்சம் ஏறியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்றாகத்தான் 1877-78-இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. நகரத்துக்கு நடுவே விட்டுப்போயிருந்த இணைப்பு அது. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அப்போதுதான் ஒன்றாயின. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது.

சும்மா கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது அன்றைய ஆட்சியின் பெரிய கவலை. நூறு நாள் வேலையைப் பற்றி டீக்கடையில் இன்றைக்கு நடக்கிற பேச்சைக் கேட்டால், டெம்பிளுக்கு இங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தோன்றும்.

ரயிலும் லாரியும் வந்த பிறகு தோணிகள் குறைந்தன. 1960-களின் புயல்கள் மிச்சத்தையும் உடைத்தன. மண் மேடிட்டது. நகரத்தின் கழிவு உள்ளே வந்தது. பறக்கும் ரயில் திட்டம் வந்தபோது அதன் தூண்களையும் நிலையங்களையும் கால்வாயின் படுகையிலேயே நட்டார்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது, 1997-இல் மயிலாப்பூருக்கு, 2007-இல் வேளச்சேரிக்கு. நெரிசலான நகரத்தில் வீடுகளை இடித்து நிலம் எடுக்க வேண்டாம் பாருங்கள், ரொம்ப வசதி. அந்த வசதியை நானும் வாரத்துக்கு நாலு நாள் அனுபவிக்கிறேன். ஆனால் ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால், கால்வாயை நிலம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள் என்பது தெரியும்.

ஒரு வருஷம் கழித்து, 2008-இல், அதே கால்வாயையும் சேர்த்து மத்திய அரசு தேசிய நீர்வழி எண் 4 என்று சட்டப்படி அறிவித்தது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்கும் படகுப் போக்குவரத்து. காகிதத்தில் நீர்வழி, நகரத்துக்குள்ளே தூண்கள். எந்தப் படகு அந்தத் தூண்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் என்று ஒருத்தரும் விளக்கவில்லை.

கரையில் குடிசை போட்டவர்களுக்கு மட்டும் சட்டம் குழம்பவே இல்லை. அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஏரி, குளங்களுக்கென்று 2007-இல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கரைகளிலிருந்து குடும்பங்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் என்பது சொல்லப்பட்ட காரணம். படுகையில் நிற்கிற ஸ்டேஷன் வளர்ச்சி, கரையில் நிற்கிற ஓலைக் கூரை தடை. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

கடலோர விதிகளிலும் இதே விளையாட்டு உண்டு. 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் ஏறி இறங்குகிற ஆறு, உப்பங்கழிகளின் கரையில் குறைந்தது 100 மீட்டரைக் கட்டுமானத்திலிருந்து காத்தது. ஓட்டல், சுற்றுலாத் துறையினரின் முறையீட்டை ஒட்டி 1994-இல் அதை 50 ஆக்கினார்கள். 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அடித்துத் தள்ளியது. பாதியாகக் குறைக்க நியாயமான காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்றது. சரி, முடிந்தது என்று நினைப்போம். 2019 அறிவிக்கையில் அதே 50 மீட்டர், அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. முட்டுக்காடு மாதிரி இடத்தில் கூடுதலாகக் கிடைக்கிற 50 மீட்டர் எவ்வளவு விலை போகும் என்று ரியல் எஸ்டேட் விளம்பரத்தைப் பார்த்தாலே புரியும். "வாட்டர்ஃபிரன்ட் வில்லா" என்று எழுதுவார்கள். எந்த வாட்டர் என்று எழுத மாட்டார்கள்.

அந்த வாட்டர் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கரணை சதுப்புநிலம் நிரம்பினால் ஒக்கியம் மடுவு வழியாக வந்து சோழிங்கநல்லூர் பக்கம் பக்கிங்ஹாமில் சேரும். அங்கிருந்து தெற்கே கிட்டத்தட்ட கடலை உரசிக்கொண்டே ஓடும், ஆனால் கடலுக்குள் போக வழி கிடைக்காது. முதல் வாசல் முட்டுக்காடுதான். 2015 டிசம்பரில் தென் சென்னையின் தண்ணீரில் பெரிய பங்கு இந்த ஒற்றை வாசலுக்குத்தான் அலைந்து வந்தது. வாசலிலோ மணல்திட்டு மூடிக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளுகிற தண்ணீர் பலமாக இல்லாத மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். இறாலும் மடவையும் உள்ளே வர வேண்டும் என்று காத்திருக்கிற கோவளம் பக்கத்து மீனவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. சோழிங்கநல்லூரில் தரைத்தளத்தில் வீடு வாங்கியவருக்கு இது கட்டில் நனைகிற பிரச்சினை.

ஐப்பசி பிறந்ததும் பொக்லைன் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிடும். வெட்டிய சில மணி நேரத்தில் கழியின் நிறம் மாறும், பச்சை போய்க் கலங்கல் பழுப்பு வரும். மழை பலமாகப் பிடித்தால் செம்மஞ்சேரி குடியிருப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது ஒவ்வொரு வருஷமும் செய்தியில் வருகிறது. கால்வாய்க் கரையிலிருந்து வெள்ளத்துக்காக அப்புறப்படுத்தப்பட்டவர்களின் வீட்டிலிருந்து வடிகிற அந்தத் தண்ணீரும் பக்கிங்ஹாமில் இறங்கி, இந்தப் பாலத்துக்குக் கீழேதான் கடலுக்குப் போகிறது.