பழக்கமா, தேர்வா? பச்சை அசுவினியின் நச்சுநீக்க மரபணு: ஓர் ஆய்வு வரலாறு

முன்னுரை

பூச்சிக்கொல்லி பயனற்றுப் போகும்போது ‘பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று கூறுவது வழக்கம். ஒவ்வொரு பூச்சியும் தன் வாழ்நாளில் நஞ்சைச் சிறிது சிறிதாகத் தாங்கக் கற்றுக்கொள்கிறது என்னும் பொருளை இத்தொடர் தருகிறது. மைசஸ் பெர்சிகே எனப்படும் பச்சை அசுவினியில் நிகழ்ந்த ஆய்வுகளின் வரலாறு இக்கருத்துக்கு இடமளிக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் தோற்றம்

பூச்சிகள் தெளிப்பு மருந்தை எதிர்க்கும் திறன் பெறுமா என்ற வினாவை 1914ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் எழுப்பினார். வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் சான் ஹோசே செதிற்பூச்சிகள் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்கு மடியாமல் தப்பியதே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி.யும் கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளும் பரவியபோது இச்சிக்கல் உலகளாவியதாயிற்று. எனினும் பச்சை அசுவினியில் இதற்கான மூலக்கூறு விளக்கம் கிடைக்க 1970களும் 1980களும் வரவேண்டியிருந்தது.

நொதியிலிருந்து மரபணுவுக்கு

பச்சை அசுவினி உருளைக்கிழங்கு முதலிய பயிர்களின் சாற்றை உறிஞ்சுவதோடு வைரஸ் நோய்களையும் பரப்புகிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நீதமும் சவிக்கியும், எதிர்ப்புத்திறனுள்ள அசுவினிகளில் எஸ்டரேஸ் நொதியின் செயல்பாடு மிகுந்திருப்பதை 1971இல் வெளியிட்டனர். டெவன்ஷையர் 1977இல் ஈ4 என்னும் அந்நொதியைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தார். மருந்துக்கு மடியும் அசுவினியிலும் மடியாத அசுவினியிலும் இருப்பது ஒரே நொதி. வேறுபாடு அதன் அளவில்தான் என்பது தெரியவந்தது. ஈ4 மருந்தை மெதுவாகவே சிதைக்கிறது. ஆயினும் மிகுதியாக இருப்பதால் மருந்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு, அவை நரம்பு மண்டலத்தின் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியைச் சென்றடையாதவாறு தடுக்கிறது.

அடுத்த அடி எண்களின் வழியே வைக்கப்பட்டது. வெவ்வேறு அசுவினி வகைகளில் ஈ4 அளவு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்வதை டெவன்ஷையரும் சவிக்கியும் 1979இல் கண்டனர். மரபணுவே படிப்படியாக இரட்டித்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தனர். மரபணுவை நேரில் காணாமலே முன்வைக்கப்பட்ட இவ்வூகத்திற்கு 1988இல் ஃபீல்டு, டெவன்ஷையர் முதலியோர் மூலக்கூறு நிலையில் சான்று அளித்தனர். எதிர்க்கும் அசுவினிகளில் எஸ்டரேஸ் மரபணுவின் படிகள் உண்மையாகவே பெருகியிருந்தன.

ஓய்ந்திருக்கும் மரபணு

சில அசுவினி வழிகள் மருந்துத் தாக்கமின்றி வளர்க்கப்பட்டபோது எதிர்ப்பை இழந்தன. ‘பழக்கம் விட்டுப்போயிற்று’ என்று இதற்கு விளக்கம் கூறத் தோன்றும். ஆனால் 1989இல் வெளிவந்த ஆய்வு, பெருகிய மரபணுப் படிகள் அவற்றில் அப்படியே இருப்பதையும், டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகள் மட்டும் நீங்கியிருப்பதையும் காட்டியது. முதுகெலும்பிகளில் மெத்தில் குறி பெரும்பாலும் மரபணுவை ஒடுக்கும். இங்கோ அக்குறி உள்ள நிலையில் மரபணு இயங்கியது, நீங்கியபின் ஓய்ந்தது. ஆகவே எதிர்ப்பு புலப்படாமை எதிர்ப்பு மரபணு இல்லாமைக்குச் சான்றாகாது.

முடிவுரை

பச்சை அசுவினியின் எதிர்ப்பு முழுவதையும் ஈ4 விளக்கிவிடாது. மருந்து தாக்கும் இலக்குப் புரதங்களில் நேரும் மாற்றங்களும் உண்டு. எனினும் இவ்வரலாறு தரும் தெளிவு ஒன்றுண்டு. மரபணுப் படிகள் மிகுந்த அசுவினி மருந்துக்குத் தப்பி, ஆணின் துணையின்றியே தன்னையொத்த பெண் குஞ்சுகளை ஈன்று பெருகுகிறது, ஏனையவை மடிகின்றன. மாறுவது தனிப் பூச்சியன்று, பூச்சிக் கூட்டத்தின் சேர்க்கையே. ‘பழகிவிட்டது’ என்று கருதுவோருக்கு அளவைக் கூட்டித் தெளிப்பதே தீர்வாகத் தோன்றும். ‘தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று அறிவோருக்கோ, அவ்வாறு தெளிப்பது எதிர்ப்பு மிக்க அசுவினிகளை மேலும் பிரித்தெடுக்கும் செயல் என்பது விளங்கும். எனவே தமிழ் வேளாண் அறிவியல் எழுத்தில் ‘பழக்கம்’ என்னும் சொல்லின் இடத்தில் ‘தேர்வு’ அமைவதே உண்மைக்கும் உழவர் நலனுக்கும் பொருந்தும்.