1924: சாம்பலுக்கு மறுவருஷம்

1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்துல டோக்கியோவின் பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. மறுவருஷம் என்ன முளைச்சது? மே மாதம், நன்கொடைப் பணத்தில் தோஜுன்காய் என்ற வீட்டுவசதி அமைப்பு. சரி, வீடு வேணும். ஆனா ஜூன்ல நாடக அரங்கம்!

ஐரோப்பாவில் நாடகம் படிக்கப் போயிருந்த ஹிஜிகத்தா யோஷி, செய்தி கேட்டுத் திரும்பினார். படிப்புக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டார். ஒசனாய் கவோருவுடன் சேர்ந்து ட்சுகிஜி சிறு அரங்கத்தைத் திறந்தார்.

ஆகஸ்டில், நிலநடுக்கம் தொடாத மேற்கே கோஷியென் பேஸ்பால் மைதானம். அறுபது வருஷச் சுழற்சியின் முதல் ஆண்டுப் பெயர் அது, நம்ம பிரபவ மாதிரி.

ட்சுகிஜிக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டு நாடகங்கள்தான்னு ஒசனாய் சொல்லிட்டார். உள்ளூர் நாடக ஆசிரியர்கள் கொதிச்சுப்போனாங்க. நியாயமான கோபம்தான். அங்கே முதல் ஜப்பானிய நாடகம் மேடையேறியது 1926இல்.