வீதியில் கண்டறியப்பட்ட நோய்

ஒரு மருத்துவர் நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. வீதியில் ஒருவர் நடந்து போவதைப் பார்த்தே அவருடைய நோயை எழுதி வைத்தார் என்றால் நம்புவீர்களா? பார்க்கின்சன் நோயின் வரலாறு ஏறக்குறைய அப்படித்தான் தொடங்குகிறது.

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1755இல் பிறந்து, அங்கேயே வைத்தியம் பார்த்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். சும்மா இருக்கிற மனிதர் அல்லர். அரசியல் சீர்திருத்தம் வேண்டும் என்று புனைபெயரில் துண்டுநூல்கள் எழுதினார். 1794இல் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த வழக்கில், அரச மன்றத்தின் முன் நின்று சாட்சியும் சொன்னார். புதைபடிவங்களைப் பற்றி மூன்று பாகங்களில் நூல் எழுதினார். இத்தனைக்கும் நடுவே 1817இல் அவர் வெளியிட்ட 66 பக்கக் கட்டுரைதான் இன்றுவரை அவர் பெயரைக் காத்து நிற்கிறது.

அதில் ஆறே ஆறு பேர். அவர்களில் இருவரை அவர் வீதியில்தான் சந்தித்தார். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. அந்தத் தொலைவு மனிதரைப் பற்றி எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் பாதித்தது. உதவியாள் ஒருவர் எதிரே நின்று, அவருடைய இரு தோள்களையும் பிடித்துக்கொள்கிறார். முன்னும் பின்னும் மெல்ல ஆடி, உடம்பு நிலைப்பட்டதும் அவர் ஒரு சொல் கொடுக்கிறார். உடனே ஓட்டம்! உதவியாள் சட்டென்று விலகி முன்னால் ஓடுகிறார். சுமார் இருபது அடி வைத்ததும் அவர் விழப் போவார், தாங்கிக்கொள்ள வேண்டுமே! நடக்க முடியாதவர், ஆனால் ஓடுகிறார். வேடிக்கை பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

காரணம் இதுதான். இந்நோயில் உடம்பு முன்னோக்கிக் குனிகிறது. எட்டு சிறுத்துப் போகிறது. முன்னே சாயும் உடம்பைப் பிடிக்கக் கால்கள் துரத்திக்கொண்டு போகின்றன. நடை ஓட்டமாகிவிடுகிறது. கைகளும் வீசுவதில்லை. திரும்பும்போது மரப்பாச்சி போல உடம்பு மொத்தமாகத் திரும்புகிறது.

பிறகு பாரிஸ். சல்பெட்ரியேர் மருத்துவமனையின் ஷார்க்கோ, இந்நோய் கண்ட எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, தசைகள் உண்மையில் செயலிழப்பதுமில்லை என்று கண்டு, ‘நடுக்குவாதம்’ என்ற பழைய பெயரை ஒதுக்கிப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். அவருடைய மாணவர் ழில் த லா தூரெத், நரம்பு நோயாளிகளின் பாதத்தில் செந்நிற இரும்புத்தூளைப் பூசி, நீண்ட காகிதத்தில் நடக்கவிட்டுச் சுவடுகளை அளந்து 1886இல் நூலாக்கினார். நடையைக் கண்ணால் பார்த்தால் போதாது, அளக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்துவிட்டது.

மூளைக்குள் நடப்பது பின்னர்தான் தெரிந்தது. நடுமூளையில் உள்ள கருநிறப் பகுதியின் அணுக்கள் அழிவதை 1919இல் திரெத்தியாகோவ் காட்டினார். அவை சுரக்கும் டோபமின் நோயாளிகளின் மூளையில் வற்றிப் போயிருப்பதை 1960இல் வியன்னாவில் கண்டார்கள். அதை ஈடுகட்டும் லெவோடோபா, 1967இல் கோட்சியாசின் ஆய்வுக்குப் பிறகு மாத்திரையாக நிலைபெற்றது. நம்மவர் தொடர்பும் இதில் உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து அந்த லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான தாமோதரனும் ராமசாமியும். அதற்காக யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். அளவு தெரியாமல் அந்த விதையைத் தின்பது ஆபத்து.

மருந்து வந்தும் முழுதாகத் தீராத ஒன்று உண்டு. அதுதான் உறைந்து நிற்பது. வாசற்படியிலும், மின்தூக்கிக் கதவிலும், திரும்பும் முனையிலும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். வீட்டிலே நாம் என்ன செய்கிறோம்? “மாடிப்படி ஏறத் தெரிகிறது, இங்கே மட்டும் என்ன? நடங்கப்பா!” என்று அதட்டுகிறோம். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, நடிக்கவுமில்லை. நடை என்பது யோசிக்காமல் நடக்கும் வேலை. அந்தத் தானியங்கி வழிதான் பழுதாகியிருக்கிறது. படிக்கட்டோ ஒவ்வொரு அடிக்கும் கண்முன் ஓர் இலக்கைக் காட்டுகிறது. மூளை வேறு வழியாகக் காலை எடுக்கச் சொல்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் பர்டன் மார்ட்டின் இதை 1967இல் தம் நூலில் எழுதினார். தரையில் நடக்கும் திசைக்குக் குறுக்கே கோடுகள் போட்டால் உறைந்தவர்கள் நடந்தார்கள். நீளவாக்கில் போட்ட கோடுகளால் பயனில்லை. அதனால்தான் இன்றும் உடற்பயிற்சி மருத்துவர்கள் வீட்டுத் தரையில் குறுக்காக வண்ண நாடா ஒட்டச் சொல்கிறார்கள், தாளத்துக்கு நடக்கச் சொல்கிறார்கள்.

2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட படக்காட்சி உலகையே வியக்க வைத்தது. 58 வயது மனிதர், பத்தாண்டு நோயாளி. சில எட்டு வைத்தாலே விழுகிறார். அவரே சைக்கிளில் ஏறி, நேராக மிதித்துப் போய், அழகாகத் திரும்பி வருகிறார். இறங்கியதும் கால் மறுபடி உறைந்துவிட்டது.