ஏரிக்கு வந்த கடல் மீன்

நயாகராவைப் பார்த்து வந்தவர்கள் அதன் அழகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது ஒரு கதவு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அட்லாண்டிக் கடலின் ஜந்துக்கள் மேலேயுள்ள பெரிய ஏரிகளுக்குள் நுழையாமல் பல்லாயிரம் வருஷம் காத்து நின்ற கதவு அது. 1829-ல், கப்பல்கள் அருவியைச் சுற்றிக்கொண்டு போவதற்காக வெல்லண்ட் கால்வாயைத் திறந்தார்கள். கதவு இருந்தபடியே இருந்தது. பக்கத்துச் சுவரில் வழி உண்டாகிவிட்டது.

அந்த வழியாக வந்தது லாம்ப்ரே. விலாங்கைப் போன்ற உடம்பு, தாடை கிடையாது, வட்ட வாய் நிறையப் பற்கள். மீனின் விலாவில் அட்டைபோல ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஒரு லாம்ப்ரே தன் ஆயுளில் 40 பவுண்டு மீனைக் கொல்லக்கூடும் என்கிறார்கள். 1936-ல் அதை மிச்சிகன் ஏரியில் கண்டார்கள். ஏறக்குறைய இருபது வருஷத்தில் அந்த ஏரியின் சொந்த மீனான டிரௌட் பூண்டோடு அற்றுப்போயிற்று. அதை நம்பி வலை வீசியவர்களின் பிழைப்பும் போயிற்று.

பெரியவர் இல்லாத வீட்டில் சிறுசுகள் பாடு கொண்டாட்டந்தானே? 1949-ல் அங்கே தென்பட்ட ஏல்வைஃப் என்னும் சிறு கடல் மீன், தின்பார் இல்லாமல் பெருகியது. 1967 கோடையில் அது கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கியபோது, சிகாகோக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

லாம்ப்ரேயின் குஞ்சுகளை ஓடைகளிலேயே கொல்லும் மருந்து 1958 முதல் உபயோகத்துக்கு வந்திருந்தது. மத்திய சர்க்கார் பழைய டிரௌட்டையே மீட்க விரும்பியது. 1964-ல் மிச்சிகன் ராஜ்யத்து மீன் இலாகாவின் தலைமைக்கு வந்த ஹோவர்ட் டானர் வேறு கணக்குப் போட்டார். பசிபிக் சமுத்திரத்துக் கோஹோ சால்மனை விட்டால் ஏல்வைஃபையும் தின்னும். தூண்டில்காரர்களும் வந்து குவிவார்கள். ஓரிகனிலிருந்து முட்டைகள் வந்தன. 1966 வசந்தத்தில் பிளாட் ஆற்றில் குஞ்சுகளை விட்டார்கள். வலைக்காரர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை.

மறு வருஷமே கோஹோ திரும்பியது, ஒவ்வொன்றும் பத்துப் பவுண்டும் அதற்கு மேலுமாக! ஜனங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கார்களின் பின்னால் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். குளத்துக்கும் குட்டைக்கும் ஏற்ற, பாஸ் மீன் பிடிக்கிற சின்னஞ்சிறு படகுகள். மிச்சிகன் ஏரியோ பெயருக்குத்தான் ஏரி. காற்று எழும்பினால் அதுவும் சமுத்திரமே. 1967 செப்டம்பர் 23-ந் தேதி புயல் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மீன் துள்ளும்போது எச்சரிக்கை காதில் விழுமா? அன்று ஏழு பேர் மாண்டார்கள்.

மறுநாளும் மீன் இருந்தது. மீன் பிடிக்கும் கூட்டமும் ஓய்ந்துவிடவில்லை.

பக்கத்து ஹ்யூரான் ஏரியில் கதை வேறு விதமாகத் திரும்பியது. 2003, 2004 வாக்கில் அங்கே ஏல்வைஃப் குறைந்து நசித்தது. அதையே தின்று கொழுத்த சினூக் சால்மனும் உடன் சரிந்தது. ஏல்வைஃபைத் தின்ற டிரௌட்டின் முட்டைகளில் தயமின் என்ற வைட்டமின் குறைந்து குஞ்சுகள் சாவதுண்டு. அந்தத் தீனி ஒழிந்தபின், எவரும் கொண்டுவந்து விடாத டிரௌட் குஞ்சுகள் ஹ்யூரானில் தாமாகவே பிறந்து வளர ஆரம்பித்தன.