படிகாரமும் பிசினும்

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பாடம் படித்த எல்லோருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வெட்டிய கல்வெட்டுகள் சபைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதில் பிடித்தது அந்த ஓலை. ஓலையில் எழுதுவது என்றால் எழுத்தாணியால் கீறுவது. நாள்பட இருக்கவேண்டிய சுவடி என்றால் கீறிய இடத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைப்பார்கள். கரி பள்ளத்தில் தங்கி எழுத்து துலங்கும். ஓலைக்கும் கரிக்கும் வேறு உறவு கிடையாது. கரி அங்கே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதே உத்திரமேரூர்ப் பக்கம் இன்று கல்யாணத் தாம்பூலப்பையில் மாப்பிள்ளை, பெண் படத்தை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தில் தலைமுடியின் கறுப்பும் கரிதான். கார்பன் பிளாக் என்று பெயர் மாறியிருக்கிறது. பொடி பல மடங்கு நுணுக்கமாகியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்திருக்கும் முறை மாறவில்லை. இது நிறமி. துணிக்கு நிறம் ஏற்றுவதில் இதற்கு நேர் எதிரான இன்னொரு வழி இருந்தது. ஒருகாலத்தில் உலகத்தையே நம் கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த வழி அது.

சோழமண்டலக் கரை முழுக்க, வடக்கே மசூலிப்பட்டினம், பழவேற்காடு தொடங்கித் தெற்கே வரை, துணியில் சித்திரம் எழுதுபவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். மணற்பாங்கான நிலத்தில் வளரும் சின்னச் செடி. ஆனால் சாயவேரைக் காய்ச்சித் துணியை முக்கினால் மட்டும் நிற்கிற சிவப்பு வந்துவிடாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். பிறகு துருவேறிய இரும்பை ஊறவைத்த கரைசலால் கோடு இழுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் அந்த இடம் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசுவதில்லை, படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். அதற்கென்று நிறம் இல்லை. அதன்பின் மொத்தத் துணியையும் சாயவேர்க் கொதிநீரில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டியதைச் சாணத்தில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு கையால் நூலைப் பிடிக்கிறது, இன்னொரு கையால் சாயத்தைப் பிடிக்கிறது. வண்ணான் கல்லில் எத்தனை முறை அடித்தாலும் அந்தக் கை சுலபத்தில் விடாது.

ஐரோப்பாவில் அப்போது துணியில் அச்சடிக்கத் தெரியாமல் இல்லை. நிறப்பொடியை எண்ணெயிலோ கோந்திலோ குழைத்து மரக்கட்டையால் பதித்தார்கள். தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. துவைத்தாலும் போகாத துணி கப்பலில் வந்து இறங்கியதும் ஊர் மயங்கியது, உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றியது. தடை ஒருபுறம் இருக்க, ரகசியத்தைத் தேடும் வேலையும் நடந்தது. 1734-ல் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பாண்டிச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். 1742-ல் கெர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிய சித்திரக்காரர்களிடம் கேட்டு, செய்முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். கைக்குப் பல நாள் பிடித்த வேலை இயந்திரத்துக்கு நிமிஷக் கணக்காயிற்று. 1868-ல் கிராபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சாயவேரிலும் இருக்கிற அலிசரின் என்ற சிவப்பை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்களுக்கு வேலை போயிற்று.

அடுத்த திருப்பம் காகிதத்துக்காக நடந்தது. 1977-ல் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் கம்பி மை நிரம்பிய ஊசியில் பட்டு, மை தெறித்தது. சூட்டால் மையைத் தெறிக்க வைக்கலாம் என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது என்பார்கள். 1984-ல் ஹெச்பி நிறுவனம் திங்க்ஜெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்பகால வண்ண மைகள் தண்ணீரில் கரையும் சாயங்கள். ஒரு சொட்டு நீர் விழுந்தால் எழுத்து ஓடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் நிறமி மை. 2000-களின் தொடக்கத்தில் எப்சன் ட்யூராப்ரைட் என்ற மையை இறக்கியது. ஒவ்வொரு நிறமித் துகளுக்கும் பிசின் உறை போட்ட மை. துகளின் அளவு சுமார் 100 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 700-ல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக இல்லாவிட்டால் அச்சுத்தலையின் துளை அடைத்துக்கொள்ளும்.

துணிக்கான நிறமி மையில் பிசின்தான் எல்லாம். அச்சடித்த துணியை 150, 160 டிகிரிச் சூட்டில் சில நிமிடம் அழுத்தினால், பிசின் இறுகி நூலைச் சுற்றி மெல்லிய தோலாகிறது. நிறமி அந்தத் தோலுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. நூலோடு அதற்கு எந்தப் பந்தமும் இல்லை. யோசித்தால் சிரிப்பு வருகிறது. எந்தக் கோந்து முறையை விட்டொழிக்க ஐரோப்பா அத்தனை பாடுபட்டதோ, அதே முறைக்கு உலகம் திரும்பியிருக்கிறது. கோந்து மட்டும் கெட்டியாகிவிட்டது.

பை அச்சடிக்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன், "துவைச்சா போகாதா?"

"உள்பக்கம் திருப்பித் துவைங்க. படத்து மேல அயர்ன் பாக்ஸ் வைக்காதீங்க. ரெண்டு வருஷம் கேரண்டியா நிக்கும்."

"அந்த மையில என்னண்ணே இருக்கு?"

"பாட்டில்ல பிக்மென்ட்னு போட்டிருக்கான். அதுக்கு மேல நமக்கெதுக்குப்பா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த முறைக்கு ஒரு பெரிய நியாயமும் இருக்கிறது: தண்ணீர். சாயமேற்றினால் பிடிக்காத சாயத்தை அலசியே தீரவேண்டும். அந்த அலசல் நீர் நொய்யலை என்ன செய்தது என்பதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நாம் பார்த்தோம். நிறமி அச்சுக்கு அந்த அலசல் தேவையில்லை. நூறு பை போதும் என்றால் நூறு மட்டும் அடிக்கலாம். ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் கட்டவேண்டும், இதில் அந்தச் செலவும் இல்லை.

ஆனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு இதன் இன்னொரு முகமும் கண்ணில் படும். காஞ்சிப் பட்டில் நூலுக்கு முதலில் சாயம், பிறகு நெசவில் உருவம். கோர்வை போட்டுக் கரையை உடலோடு இணைக்க இரண்டு ஆள் வேண்டும். அதே கரையை இன்று படமெடுத்து வெறும் துணியில் அச்சடித்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே தெரியும். திருப்பிப் பாருங்கள். நெய்ததில் பின்பக்கமும் நூல் ஓடியிருக்கும், அச்சடித்ததில் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தும் பார்க்கலாம். ஆய்வகத்தில் செய்வதும் ஏறக்குறைய இதையேதான், தேய்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள்.

அச்சுத் துணி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக்கை விட்டு மஞ்சப்பைக்குத் திரும்பச் சொல்லும் ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. சாயவேர்க்காரருக்குக் கடுக்காய் ஏன், பால் ஏன், படிகாரம் எவ்வளவு என்று ஒவ்வொரு படியும் கைக்குத் தெரியும். சந்தையில் அவருக்குப் பிடி இல்லை. இன்று அச்சடிக்கும் அண்ணனுக்குச் சந்தை தெரியும். அறிவு முழுக்க பாட்டிலுக்குள் மூடிக்கிடக்கிறது, மூடி வேறு யார் கையிலோ. இரண்டு காலத்திலும் லாபத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த திசை ஒன்றுதான்.

பொலியூ வெட்டி எடுத்த துணித் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அதிகாரியின் பெயரை உலகம் அறியும். துணியை எழுதியவர் யாரென்று எவரும் குறித்துவைக்கவில்லை. அவர் படிகாரம் தொட்டு வைத்த இடம் மட்டும், 290 வருஷம் ஆகியும், சிவப்பாக இருக்கிறது.